கணக்கில் வராத பிள்ளைகள்

இரண்டாம் உலகப் போர் முடியாத 1944-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு புதிய கல்விச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த ஆர். ஏ. பட்லரின் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது. இடைநிலைக் கல்வியை எல்லாருக்கும் இலவசமாக்கிய சட்டம் என்று பாடநூல்கள் சொல்லும். இங்கே பேச வேண்டியது அதன் 36-ஆம் பிரிவைப் பற்றி. பள்ளி வயதில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வயதுக்கும் திறனுக்கும் நாட்டத்துக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றது அந்தப் பிரிவு. அந்தக் கடமையைப் பள்ளிக்கு அனுப்பியும் நிறைவேற்றலாம், வேறு வகையிலும் நிறைவேற்றலாம்.

இந்த ‘வேறு வகை’ அன்றைக்கு யாரையும் உறுத்தியிருக்காது. வசதியான வீடுகளில் ஆசிரியை வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். பின்னாளில் அரசியான எலிசபெத்தே பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் மேரியன் கிராஃபோர்டு என்ற ஆசிரியையிடம் வீட்டில் படித்தவர்தான். அரசியலமைப்பு வரலாற்றுக்கு மட்டும் ஈட்டன் பள்ளியின் ஹென்றி மார்ட்டனிடம் போனார். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு மூன்று வயதில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியவர் அவருடைய தந்தை. சட்டம் எழுதியவர்களின் மனத்தில் இப்படிப்பட்ட வீடுகள்தான் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் அதை யாரிடமாவது தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பள்ளியில் ஒருநாளும் சேராத பிள்ளை இருப்பதே அரசுக்குத் தெரியாமல் போகலாம். அடுத்த எண்பது ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின, பள்ளிகள் மாறின, பாடத்திட்டங்கள் மாறின. இந்த ஓட்டை மட்டும் அடைபடவில்லை.

ஓட்டை எப்படி உண்டானது என்று பார்க்க இன்னும் பின்னால் போக வேண்டும். 1870-இல் வந்த ஃபார்ஸ்டர் சட்டம் ஊருக்கு ஊர் பள்ளி வாரியங்களை அமைக்க வழி செய்தது. 1880-இல் ஐந்து வயது முதல் பத்து வயது வரை பள்ளி வருகை கட்டாயமானது. வாரியத்தின் வருகை அலுவலர்கள் தெருத் தெருவாகப் போய், வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எங்கே படிக்கிறார்கள் என்று குறித்துவந்தார்கள். பிள்ளையின் கூலியை நம்பிப் பிழைத்த ஏழைக் குடும்பங்களுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையையும் கணக்கில் கொண்டுவர முயன்றவர்கள் அவர்கள்தான். வேறு வகையில் முறையாகக் கற்கும் பிள்ளைக்கு அப்போதே விலக்கு இருந்தது. 1911-இல் ஒரு வழக்கில், வீட்டில் படிக்கும் பிள்ளையின் கல்வியைப் பள்ளியின் அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டியதில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் உரிமையைப் பொறுத்தவரை நல்ல தீர்ப்புதான்.

கல்விச் சட்டம் இப்படி ஒரு பக்கம் வளர, இன்னொரு பக்கம் பிள்ளைகளின் உயிருக்கும் உடலுக்குமான சட்டம் தனியாக வளர்ந்தது. அதுவும் மிகவும் பிந்தி வந்தது. இங்கிலாந்தில் விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் 1824-இலேயே உருவாகிவிட்டது. குழந்தைகளுக்கான சங்கம் லிவர்பூலில் தொடங்கியது 1883-இல், லண்டனில் 1884-இல். பெஞ்சமின் வா போன்றவர்கள் விடாமல் போராடியதால் 1889-இல் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் நிறைவேறியது. கொடுமைக்கு ஆளாகும் குழந்தையை மீட்க, நீதிமன்ற ஆணையோடு காவல் துறை வீட்டுக்குள் நுழையலாம் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது. அதுவரை அது வீட்டு விவகாரம்.

ஆக, ஒரு பிள்ளையைப் பற்றி அரசு இரண்டு கேள்விகள் கேட்டது. படிக்கிறதா? பத்திரமாக இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஒரு துறை, ஒரு கோப்பு. இரண்டாவது கேள்விக்கு வேறொரு துறை, வேறொரு கோப்பு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் பொறுப்பை அன்றைய எந்தச் சட்டமும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. நடைமுறையில் அந்தப் பொறுப்பு பள்ளி ஆசிரியரின் தலையில் விழுந்தது.

1973 ஜனவரியில் பிரைட்டன் நகரில் ஏழு வயது மரியா கோல்வெல் மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். உறவினர் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தவளைத் தாயிடம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் மெலிந்துபோனதை ஆசிரியர்கள் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள், இரு தரப்பும் சொல்லவும் செய்தார்கள். சொன்னவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்து, சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை என்று 1974-இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டியது. பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பலவற்றுக்கு அந்த அறிக்கையே தொடக்கம். மாணவர்களின் நலனைக் காப்பது பள்ளிகளின் சட்டக் கடமை என்று 2002-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிற்பாடு எழுத்திலேயே சொன்னது.

ஆசிரியர் இங்கே செய்வது பெரிய துப்பறியும் வேலை இல்லை. திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும்போது ஒரு பிள்ளையின் முகம் வாடியிருப்பது கண்ணில் படும். மதிய உணவை அள்ளி விழுங்குவது தெரியும். விளையாட்டு உடை மாற்றும்போது முதுகில் இருக்கும் தடம் தெரியும். பேசிக்கொண்டே இருந்த பிள்ளை திடீரென்று வாய் மூடிக்கொண்டால் அதுவும் தெரியும். எதையும் தேடிப் போகாமல், தினமும் பார்ப்பதால் மட்டுமே தெரியவருபவை இவை. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு இழப்பு பாடம் மட்டும் அல்ல, தினமும் பார்க்கும் அந்தக் கண்களும்தான்.

வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதில் இடம் இல்லை. இங்கிலாந்தில் அந்த உரிமைக்காகப் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. நார்ஃபோக் மாவட்டத்தில் ஜாய் பேக்கர் என்ற தாய் தம் பிள்ளைகளைத் தாமே கற்பிக்க 1950-களில் தொடங்கிய சட்டப் போராட்டம் ஏறத்தாழ பத்தாண்டு இழுத்தது. நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் வென்று, அந்த அனுபவத்தை 1964-இல் புத்தகமாகவும் எழுதினார். 1977-இல் இத்தகைய பெற்றோர் சேர்ந்து ‘எஜுகேஷன் அதர்வைஸ்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ‘வேறு வகை’ என்ற 36-ஆம் பிரிவின் வாசகத்திலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1981-இல் ஹாரிசன் குடும்பத்தின் வழக்கில், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமப்பட்ட பிள்ளைகள் தங்கள் போக்கில் கைத்தொழிலும் பிறவும் கற்றுவந்ததை வூஸ்டர் நீதிமன்றம் கல்வி என்றே ஏற்றது. பள்ளி தோற்ற இடத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஜெயித்திருக்கின்றன. பள்ளியில் மிரட்டப்பட்ட பிள்ளையும், மனப்பதற்றத்தால் வகுப்புக்குள் கால் வைக்க முடியாத பிள்ளையும், ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வீட்டில் மீண்டு வந்த கதைகள் ஏராளம்.

கண்காணிப்பு என்றதும் இந்தப் பெற்றோர் முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. தங்களைக் குற்றவாளிகளாக நடத்திய அதிகாரிகளை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். 1980-இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் நடுவழி ஒன்றைச் சொன்னது. பிள்ளைக்கு என்ன கல்வி கிடைக்கிறது என்று உள்ளாட்சி கவுன்சில் விசாரிக்கலாம். பதில் சொல்லப் பெற்றோருக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் பேசாமல் இருந்தால், கல்வி நடக்கவில்லை என்று கவுன்சில் முடிவுகட்ட நேரலாம். அதற்குப் பிறகு கவுன்சிலின் ஆயுதம் பெரும்பாலும் ஒரு கடிதம்தான். சில பக்கங்களில் பாடத்திட்டமும் எழுதிப்பார்த்த தாள்களும் பதிலாக வந்தால் போதும். பிள்ளையை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் கவுன்சில் அலுவலருக்கு இருக்கவில்லை.

பர்மிங்ஹாமில் இந்த அதிகாரமின்மை என்ன செய்தது?

2007 டிசம்பரில் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த ஏழு வயது கைரா இஷாக்கை, வீட்டிலேயே படிக்கவைக்கப் போவதாகச் சொல்லித் தாய் பள்ளியிலிருந்து நிறுத்தினார். பள்ளி ஊழியர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. சமூகநலத் துறைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே அனுமதி கிடைக்கவில்லை. துறையிலிருந்து வந்தவர்களும் வாசலோடு திரும்பினார்கள். தொந்தரவு செய்கிறீர்கள் என்று தாய் புகார் சொன்னதும் அதிகாரிகள் பின்வாங்கினார்கள். 2008 மே 17 அன்று கைரா பட்டினியால் மெலிந்து, தொற்று தாக்கி இறந்தாள். வீட்டிலிருந்த மற்றக் குழந்தைகளும் ஊட்டமின்றி எலும்பும் தோலுமாக இருந்தார்கள். சமையலறையில் உணவுப் பொருள் இல்லாமல் இல்லை. அதன் கதவில் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடப்பட்டிருந்தது.

இந்த மரணத்தைத் தடுத்திருக்க முடியும் என்று 2010-இல் வெளியான ஆய்வறிக்கை சொன்னது.

அதற்கு முன்பே, 2009 ஜனவரியில், கல்விக்குப் பொறுப்பான அமைச்சர் எட் பால்ஸ் வீட்டுக்கல்வி ஏற்பாடுகளை ஆராயும்படி கென்ட் மாவட்டத்தின் முன்னாள் குழந்தைகள் நல இயக்குநர் கிரஹாம் பேட்மேனைப் பணித்திருந்தார். அறிவிப்பு வந்த விதமே சண்டைக்கு வித்திட்டது. வீட்டுக்கல்வி கொடுமையை மறைக்கும் திரையாகலாம் என்ற தொனி, பிள்ளைகளைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த ஆயிரக்கணக்கான பெற்றோரைச் சுட்டது. ஜூன் மாதம் வந்த அறிக்கையில் 28 பரிந்துரைகள் இருந்தன. ஆண்டுதோறும் பதிவு, வீட்டுக்குள் வர அலுவலருக்கு உரிமை, தேவைப்பட்டால் பிள்ளையிடம் தனியாகப் பேசும் உரிமை ஆகியவை முக்கியமானவை. எதிர்ப்பு கொதித்தெழுந்தது. 2009 டிசம்பரில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளின் சார்பில் நாடாளுமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. 2010 ஏப்ரலில், தேர்தலுக்கு முந்தைய அவசரத்தில், அறிக்கையை ஒட்டி அரசு கொண்டுவந்த மசோதாவிலிருந்து வீட்டுக்கல்விப் பிரிவுகள் அடியோடு கைவிடப்பட்டன.

பேட்மேனின் அறிக்கையில் குறைகள் இல்லாமல் இல்லை. கல்வியின் தரத்தையும் பிள்ளையின் பாதுகாப்பையும் ஒரே அலுவலர் ஒரே வருகையில் எடைபோட வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. பள்ளிப் பாணியில் கற்பிக்காத பெற்றோர் மிரண்டது இதனால்தான். இரண்டு கேள்விகளையும் அப்போதே பிரித்து, பதிவேட்டை மட்டுமாவது காப்பாற்றியிருக்கலாம். குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் சேர்த்துக் கொட்டியது போல மொத்தத்தையும் தூக்கிப்போட்டார்கள்.

2011 டிசம்பரில் வேல்ஸின் பெம்புரோக்‌ஷயரில் ஒரு ஒதுக்குப்புற வீட்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி என்றது பிரேதப் பரிசோதனை. பெற்றோர் அதை ஏற்கவில்லை. அவர்கள் மீதான வழக்கும் பிறகு கைவிடப்பட்டது. எனவே அவர்களைக் குற்றம் சாட்ட இங்கே இடமில்லை. ஆனால் 2016-இல் வெளியான ஆய்வறிக்கை காட்டியது வேறு விஷயம். அந்தச் சிறுவன் பள்ளிக்குப் போனதில்லை, மருத்துவரிடமும் பல ஆண்டுகளாகப் போகவில்லை. பள்ளி, மருத்துவமனை, சமூகநலம் என்ற எந்தப் பக்கத்திலிருந்தும் அவனைத் தொடர்ந்து பார்த்தவர்கள் இல்லை. மற்ற நாடுகளையும் பார்க்கலாம். பக்கத்து நாடான பிரான்ஸ், வெறும் தகவல் தெரிவித்தால் போதும் என்ற பழைய முறையை 2021-இல் மாற்றி, வீட்டுக்கல்விக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் செய்தது. ஜெர்மனி வீட்டுக்கல்வியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுக்கிறது. 2019-இல் வுண்டர்லிச் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஜெர்மனியின் பக்கமே நின்றது. அவ்வளவு தூரம் போவது தேவையில்லாத கடுமை.

எதிர்முனையில் இருப்பது அமெரிக்கா. பெற்றோர் வீட்டில் கற்பிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிவிக்க வேண்டாத மாநிலங்கள் அங்கே பல. 2018 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பெரிஸ் நகரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஜன்னல் வழியாகத் தப்பிப் போய்க் காவல் துறையை அழைத்தாள். உள்ளே அவளுடைய உடன்பிறந்தவர்கள் பன்னிரண்டு பேர், சிலர் சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் இருந்தார்கள். அரசு ஏட்டில் அந்த வீடு ஒரு தனியார் பள்ளி. தந்தையே அதன் முதல்வர். ஆண்டுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் போட்டால் போதும், யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. இதை மாற்ற அந்த ஆண்டே ஒரு மசோதா வந்தது. எதிர்ப்புத் தெரிவிக்க நூற்றுக்கணக்கான பெற்றோர் சாக்ரமெண்டோவில் திரண்டார்கள். வாக்கெடுப்புக்கே போகாமல் மசோதா குழுவிலேயே மடிந்தது.

இங்கிலாந்தில் 2022-இல் மறுபடி ஒரு மசோதா வந்தது. பள்ளியில் இல்லாத பிள்ளைகளின் பதிவேடு ஒன்றைக் கட்டாயமாக்கும் பிரிவு அதில் இருந்தது. அதையும் அந்த ஆண்டு டிசம்பரில் அரசே திரும்பப் பெற்றது.

அடுத்த நான்காவது மாதம், 2023 ஏப்ரலில், சர்ரே மாவட்டத்தின் வோக்கிங் நகரில் பத்து வயது சாரா ஷரீஃப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டாள். காரணம், வீட்டுக்கல்வி. அதற்கு முந்தைய மாதம்தான் அவள் முகத்தில் ஊமைக்காயங்களைப் பார்த்த ஆசிரியர்கள் சமூகநலத் துறைக்குத் தகவல் அனுப்பியிருந்தார்கள். சில நாள்களிலேயே அந்தக் கோப்பு மூடப்பட்டது. ஆகஸ்ட் 8 அன்று சாரா இறந்தாள். உடலில் எழுபதுக்கும் மேற்பட்ட காயங்கள். தந்தையும் மாற்றாந்தாயும் கொலைக் குற்றவாளிகள் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கண்காணிப்பு இல்லாத வீட்டுக்கல்வியில் பாதுகாப்பற்ற பிள்ளைகளுக்குள்ள ஆபத்தை இந்த வழக்கு காட்டுகிறது என்று விசாரித்த நீதிபதியே குறிப்பிட்டார்.

2025 நவம்பரில் வெளியான ஆய்வறிக்கையில் படித்தவர் எவரும் மறக்க முடியாத ஒரு தகவல் இருக்கிறது. வீட்டுக்கல்வி அலுவலர்கள் சாராவைப் பார்க்கப் போகவே செய்தார்கள். உரிய காலத்தில் போகாமல் தாமதமாகப் போனார்கள். போன நாள் ஆகஸ்ட் 7. அவர்கள் கையில் இருந்தது அந்தக் குடும்பம் காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டின் முகவரி. தவறு தெரிந்ததும், மறுபடி போவதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். மறுநாள் அவள் உயிரோடு இல்லை.

சட்டம் போட்டால் மட்டும் பிள்ளை பிழைத்துவிடாது என்பதற்கும் இதுவே சான்று. சரியான முகவரி வேண்டும். அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும். கதவைத் தட்டியும் பிள்ளையைப் பார்க்க முடியாவிட்டால், அதே வாரத்தில் மறுபடி போக வேண்டும் என்ற கண்டிப்பு வேண்டும். அலுவலரிடம் இருப்பது கோரிக்கைக் கடிதம் மட்டும் என்றால், தாமதமும் தள்ளிப்போடலும் இயல்பாகிவிடும்.

எண்ணிக்கையும் சின்னதில்லை. 2024 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் 1,11,700 பிள்ளைகள் வீட்டில் படிப்பதாகக் கல்வித் துறை கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அதே பருவத்தில் 92,000. கவுன்சில்கள் இப்போது முன்பைவிட ஒழுங்காகத் தகவல் தருவதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். இவர்களில் ஆகப் பெரும்பாலானோர் அன்பான வீடுகளில் பத்திரமாக இருக்கிறார்கள். எந்த வீடு அப்படி இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லா வீட்டையும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்குப் போன காலத்திலும் மரியா கோல்வெல்கள் இறந்தார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் மரியாவுக்காகப் பேசப் பள்ளியில் ஆள் இருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பள்ளிப் பக்கமே போகாத பிள்ளைக்குப் பேசவே ஆள் இல்லை.

2024 டிசம்பர் 17 அன்று சாராவின் கொலையாளிகளுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது. அதே நாளில் குழந்தைகள் நலன் மற்றும் பள்ளிகள் மசோதா நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பள்ளியில் இல்லாத ஒவ்வொரு பிள்ளைக்கும் கவுன்சிலில் பதிவேடு வேண்டும் என்றது அது. குழந்தைப் பாதுகாப்பு விசாரணையிலோ திட்டத்திலோ இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டுமானால் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும் என்றது. இரண்டும் சரி. ஆனால் முன்வைக்கப்பட்ட அந்த வடிவில், சாராவின் கோப்பு மூடப்பட்டுவிட்டதால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்த ஒப்புதலே தேவைப்பட்டிருக்காது. கண்ணெதிரே இருந்த குறை இது. பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவதற்குச் சில மாதங்களுக்கு முன் பாதுகாப்புக் கவலை எழுந்திருந்தால், கோப்பு மூடியிருந்தாலும் ஒப்புதல் வேண்டும் என்று விதி செய்யலாம்.

மற்றப் பெற்றோரிடம் கேட்பது மிகக் குறைவு. பிள்ளையின் பெயரையும் முகவரியையும் ஒரு ஏட்டில் பதிய வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, பாடத்திட்டத்தைக் குடையாத, குழந்தைகளோடு பேசிப் பழகிய ஒருவர் அந்தப் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும், சில நிமிடம் தனியே பேச வேண்டும். வீட்டில் வேண்டாம் என்றால் நூலகத்திலோ மருத்துவரின் அறையிலோ பார்க்கலாம். எதை எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெற்றோரிடமே விட்டுவிடலாம். இதைக்கூட அவமானமாகக் கருதும் நல்ல பெற்றோர், கைராவுக்கும் சாராவுக்கும் அந்தச் சில நிமிடம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வருகைகளுக்கு வேண்டிய ஆட்களையும் பணத்தையும் ஒதுக்குவதை அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது.